நூற்று அறுபத்து மூன்றாவது பாடம்

நாலாவது தடவையாகப் பென்டிரைவைச் செருகினார். கம்ப்யூட்டர் டொக்கென்று ஒரு சத்தம் போட்டது. திரையின் ஓரத்தில் அதே சின்னக் கட்டம் எட்டிப் பார்த்தது. முகத்தைக் கிட்டே கொண்டுபோய், விரலால் தொட்டுத் தொட்டு, எழுத்துக் கூட்டிப் படித்தார். செருகிய சாதனத்தை அடையாளம் காண முடியவில்லை. முதல் மூன்று தடவையும் பாதி படிப்பதற்குள் கட்டம் மறைந்துவிட்டது. இப்போதுதான் கடைசிச் சொல்வரை வந்து சேர்ந்தார். வந்து சேர்ந்த பிறகு, சேராமலே இருந்திருக்கலாம் என்று பட்டது.

அடையாளம் தெரியாமல் பார்ப்பது எப்படி இருக்கும் என்று அவருக்குத் தெரியும். கடைசி நாலு நாளும் அவர் மனைவி அப்படித்தான் பார்த்தாள். நர்ஸைக் கூப்பிட்டு, "யாருங்க இவரு? காலையிலேர்ந்து நின்னுக்கிட்டே இருக்காரு, பாவம். உட்காரச் சொல்லுங்க" என்றாள். அவர் உட்கார்ந்தார். வேறென்ன செய்வது?

ஐம்பத்து நாலு வயது. சிமெண்ட் கிடங்கில் மூட்டை ஏற்றி இறக்குகிறவர். எவ்வளவு தேய்த்துக் குளித்தாலும் காது மடிப்பிலும் நகக்கண்ணிலும் சாம்பல் நிறம் போகாது. தெருவில் அவருக்குச் சிமெண்ட்டுக்காரர் என்றுதான் பெயர். ஐம்பத்து மூன்று வயதுவரை எழுத்து என்றால் என்னவென்று தெரியாது. மூட்டையின் நிறத்தையும் படத்தையும் வைத்துச் சரக்கைச் சொல்லிவிடுவார், அது போதுமாக இருந்தது. ஒருநாள் கிடங்கு ஆபீஸில் ஏதோ காகிதத்துக்குக் கைநாட்டு வைக்கும்போது, அங்கிருந்த கிளார்க் அவர் கட்டைவிரலைப் பிடித்து, ரப்பர் ஸ்டாம்பை எடுப்பதுபோல் எடுத்து, மையில் ஒற்றி, காகிதத்தில் அழுத்தி, திரும்பவும் அவரிடமே விட்டுவிட்டான். முகத்தை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. அன்று வீட்டுக்கு வந்தவர் சாப்பிடாமல் படுத்தார். விஷயத்தைக் கேட்ட மனைவி சிரிக்கவும் இல்லை, பரிதாபப்படவும் இல்லை. "நான் எட்டாங்கிளாஸ். நான் சொல்லித்தரேன்" என்றாள்.

சொல்லித்தர நேரம் எங்கே இருந்தது? அவளுக்கு ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் ராத்திரி ஷிப்ட். இவர் காலை ஆறு மணிக்குக் கிளம்பிவிடுவார்; அவள் வந்து சேர ஆறரை. இவர் ஏழு மணிக்குத் திரும்பும்போது அவள் போய் அரைமணி நேரம் ஆகியிருக்கும். ஒரே கட்டிலில் ஆளுக்கொரு பொழுது படுத்தார்கள். பதிமூன்று வருஷம் அப்படித்தான். ஞாயிற்றுக்கிழமைதான் இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பகல் வெளிச்சத்தில் பார்த்தது. எழுத்தின் உருவத்தை ஞாயிறுகளில் நோட்டில் எழுதிக் காட்டினாள்; மற்ற நாளுக்கு ஒரு வழி கண்டுபிடித்தாள். ஆஸ்பத்திரி ஆபீஸில் கழித்துப் போட்ட கம்ப்யூட்டர் ஒன்று அவளுக்குக் கிடைத்திருந்தது. காலையில் வந்ததும் அதன் முன்னால் உட்கார்ந்து, தலையில் மைக்கை மாட்டிக்கொண்டு, நாலு நிமிஷத்துக்குச் சொல்வதெழுதும் பாடம் பேசிப் பதிந்துவைப்பாள். கம்ப்யூட்டர் எப்போது மூச்சை விடுமோ என்ற பயத்தில் பாடமெல்லாம் பென்டிரைவில் இருந்தது. சாயங்காலம் அவர் குளித்துவிட்டு வந்து கேட்பார், நோட்டில் எழுதுவார். மறுநாள் காலை அவள் சிவப்புப் பேனாவால் திருத்துவாள்.

முதல் பாடத்திலேயே சட்டம் போட்டுவிட்டாள். "இதப் பாரு, வகுப்புல நான் டீச்சர், நீ பையன். வாடா போடான்னுதான் கூப்பிடுவேன். வகுப்பு முடிஞ்சா பழையபடி நீங்க, வாங்க. சரியாடா?" கல்யாணமாகி இருபத்தாறு வருஷத்தில் அவரை ஒருமையில் கூப்பிடாதவள், அந்த நாலு நிமிஷத்தில் மட்டும் கூப்பிட்டாள். அவருக்குக் காது சுட்டது. ஆனால் மறுநாள் வேலையிலிருந்து கொஞ்சம் வேகமாகவே வீட்டுக்கு நடந்தார்.

இன்னொரு சட்டமும் உண்டு. எழுதி முடித்த பாடத்தை அழித்துவிட வேண்டும். ஸ்லேட்டைத் துடைப்பதுபோல. காலையில் அவள் வந்து பார்க்கும்போது அந்தப் பாடத்தின் எண் காணாமல் போயிருந்தால், பையன் எழுதிவிட்டான். அப்படியே இருந்தால், ஏமாற்றிவிட்டுத் தூங்கிவிட்டான். அழிப்பதுதான் அவர்கள் இருவருக்கும் நடுவில் போய்வந்த கடிதம்.

கிடங்கில் சரக்கு குவிந்த மாதங்களில் அவர் நிறைய ஏமாற்றினார். அவள் நிறுத்தாமல் பதிந்துகொண்டே போனாள். அவள் ஆஸ்பத்திரியிலேயே, அவள் துவைத்த போர்வையிலேயே படுத்துக் கண்ணை மூடியபோது, கேட்காத பாடங்கள் முப்பத்தேழு மிச்சம் இருந்தன. அவருடைய சோம்பேறித்தனம் அப்படிச் சேர்த்துவைத்திருந்தது. ஞாயிற்றுக்கிழமைக்கு ஒன்று என்று கணக்காகக் கேட்டார். இருபத்தாறு ஞாயிறு போனது. இன்னும் பதினொன்று.

இன்று ஞாயிற்றுக்கிழமை.

மாடியில் குடியிருக்கும் கொழுந்தியாள்தான் ஓடிப்போய் மெக்கானிக்கை அழைத்துவந்தாள். மெக்கானிக் என்பவள் நாற்பதை நெருங்கும் பெண். கொண்டையில் ஸ்க்ரூடிரைவரைச் செருகியிருப்பாள். இந்தச் சுற்றுவட்டாரத்தில் எந்த வீட்டுக் கம்ப்யூட்டர் படுத்தாலும் அவள்தான் வந்து எழுப்புவாள். உள்ளே நுழைந்ததும் பெட்டியை ஒரு பார்வை பார்த்தாள்.

"இந்தக் கிழவன் இன்னும் உசுரோடவா இருக்கான்? ரெண்டு வருஷம் முன்னாடியே நான் கைய விட்டுட்டேனே."

"நீ கையவிட்டாலும் எங்க மாமா விடணுமே" என்றாள் கொழுந்தியாள். "இது முன்னாடி உட்காந்தா ஊர் எரிஞ்சாலும் எந்திரிக்க மாட்டாரு. என்னதான் பாக்குறாரோ, கேட்டா வாயத் திறக்கறதில்ல."

அவர் வாயைத் திறக்கவில்லை. வயசான காலத்தில் அ, ஆ படிக்கிறார் என்று நாலு பேருக்குத் தெரிவதைவிடக் கைநாட்டாகவே இருந்துவிடலாம் என்று அவருக்கு ஒரு வெட்கம். மனைவியும் கூடப்பிறந்தவளிடம்கூடச் சொல்லாமல் காப்பாற்றினாள்.

"ஃபேன வேகமா வைங்கண்ணே. அதுக்கும் வேர்க்குது, எனக்கும் வேர்க்குது."

ஃபேன் ரெகுலேட்டரின் திருகு உடைந்து வருஷக்கணக்காகிறது. வெறும் தண்டு மட்டும் நீட்டிக்கொண்டிருக்கும். பக்கத்து ஆணியில் அதற்கென்றே ஒரு குறடு தொங்கும். அவர் குறட்டால் தண்டைப் பிடித்து ஐந்தாம் எண்ணுக்குத் திருகினார். ஃபேன் தடதடவென்று சுற்றியது. மனைவிக்கு இந்தச் சத்தம் ஆகாது, எப்போதும் இரண்டில்தான் வைக்கச் சொல்வாள்.

மெக்கானிக் பென்டிரைவை வாங்கி வெளிச்சத்தில் பிடித்தாள். பெட்டியின் முன்பக்க ஓட்டைக்குள் டார்ச் அடித்தாள். "அண்ணே, இதுக்குள்ள ஒரு வீடே கட்டலாம் போலிருக்கே. எவ்ளோ சிமெண்ட்டு! பாயின்ட்டு ஒட்டினாத்தானே அதுக்கு ஆள் தெரியும்?" சின்ன பிரஷ்ஷால் இரண்டையும் துடைத்தாள். பிறகு பெட்டியின் பின்பக்கத்து ஓட்டையில் செருகினாள். மறுபடியும் அதே கட்டம். அவர் கண்ணை மூடிக்கொண்டார். அவளோ அலட்டிக்கொள்ளாமல், எங்கோ போய் ஒரு நீளப் பட்டியலைத் திறந்தாள். அதில் ஒரு வரிக்குப் பக்கத்தில் மட்டும் மஞ்சள் முக்கோணம் இருந்தது. "பழைய ஞாபகத்துலயே முரண்டு பிடிக்குது. மறக்க வெச்சு, புதுசா அறிமுகம் பண்ணணும்" என்று சொல்லி அந்த வரியை நீக்கினாள், கம்ப்யூட்டரை அணைத்து, திரும்ப எழுப்பி, செருகினாள். இந்தத் தடவை டிங் டாங் என்று அழகாக ஒரு சத்தம் வந்தது. அவருக்குத் தோள்பட்டை இறங்கியது.

திரையில் பாடம் என்று பெயர் போட்ட மஞ்சள் கோப்புறை ஒன்று வந்து நின்றது. அதன் காலடியில் சின்னதாக ஒரு அம்புக்குறி.

"தொடாதீங்க!" மெக்கானிக் அவர் கையைத் தட்டிவிட்டாள். "இத முன்னாடி தொட்டீங்களா?"

"வியாழக்கிழமை தொட்டேன். திறக்கல. கறுப்பா ஒரு கட்டம் வந்து வந்து போச்சு. ஒரு பத்துப் பன்னெண்டு தடவ அமுக்கிப் பாத்தேன். அப்புறம் பயந்துபோய்ப் பிடுங்கிட்டேன்."

"பன்னெண்டு தடவையா! நல்லா வருந்தி வருந்திக் கூப்பிட்டிருக்கீங்க. இது உங்க பாடம் இல்லண்ணே, வைரஸு. வீட்டுக்காரங்களை உள்ள ஒளிச்சு வெச்சிட்டு, அவங்க பேரையே மாட்டிக்கிட்டு வாசல்ல நிக்குது. நீங்க பேரப் பாத்துட்டு உள்ள விட்டுட்டீங்க. இப்ப கம்ப்யூட்டர் பூரா அதான்."

பெயர் சரியாகத்தான் இருந்தது. பா, ட, ம், ஒவ்வொரு எழுத்தாகப் பார்த்துத்தான் அமுக்கினார். எழுத்து தெரியாத காலமாக இருந்தால் அந்த அம்புக்குறியைப் பார்த்திருப்பார். படம் மாறினால் சரக்கு மாறிவிட்டது என்று மூட்டையைத் தொட்டிருக்கவே மாட்டார். படிக்கக் கற்றுக்கொண்டதனால் வந்த வினை. இதை யாரிடம் போய்ச் சொல்வது?

"எங்க கொண்டுபோய்ச் சொருகினீங்க?"

"போட்டோக் கடையில. இவ போட்டோவ அதுல போட்டுத்தான் எடுத்துட்டுப் போனேன்."

மூன்று பேரும் சுவரைப் பார்த்தார்கள். வியாழக்கிழமை மாட்டிய படம். புதுக் கண்ணாடி. அதற்குள் அவள் ஏதோ ஒரு கல்யாண வீட்டில், யாரோ கூப்பிட்டுத் திரும்பிப் பார்த்தபோது எடுத்த முகம்.

"நான்தான் நச்சரிச்சேன்" என்றாள் கொழுந்தியாள். "ஆறு மாசமா சுவத்துல ஒரு படம் இல்லாம, எங்கக்கா இருந்த வீடு மாதிரியே இல்லன்னு. நான் வாய வெச்சுக்கிட்டு சும்மா இருந்திருக்கலாம்."

அவர் படத்தின் கண்ணாடியைத் துண்டால் ஒருமுறை துடைத்தார். அது அவளுக்கு இன்னும் வருத்தமாக இருந்திருக்க வேண்டும். சுவரோரமாகப் போய்த் தரையில் உட்கார்ந்தாள்.

மெக்கானிக் தன் பையிலிருந்து வேறொரு பென்டிரைவை எடுத்துச் செருகி, வைரஸ் பிடிக்கும் புரோகிராம் ஒன்றை ஓடவிட்டாள். பச்சைக் கோடு எறும்பு மாதிரி ஊர்ந்தது. பதினேழு பிடித்திருப்பதாகக் காட்டி, அழிக்கவா என்று கேட்டது. அவர் பதறி, "அழிக்க வேணாம்மா, அதுல எதாவது பாடம் இருக்கப்போவுது" என்றார். "ஒவ்வொண்ணாப் பாத்துட்டுத்தான் அழிக்கிறேன்" என்று அவள் உண்மையிலேயே ஒவ்வொன்றாகப் பார்த்து அழித்தாள். பிறகு கறுப்புக் கட்டம் ஒன்றைத் திறந்து ஒரு வரி தட்டினாள். ஒளிந்திருப்பதையெல்லாம் வெளியே வரச்சொல்லும் வரியாம் அது. எண்டரை அமுக்கியதும், அம்புக்குறி இல்லாத மஞ்சள் கோப்புறை மெல்ல எழுந்து வந்தது. உள்ளே வரிசையாக எண்கள். நூற்று ஐம்பத்து மூன்றிலிருந்து நூற்று அறுபத்து மூன்றுவரை. அவர் விரல் வைத்து இரண்டு தடவை எண்ணினார். பதினொன்று.

"எல்லாம் வந்துருச்சா?"

"வந்துருச்சும்மா."

"அதென்ன நூத்தி அம்பத்து மூணுல ஆரம்பிக்குது? அதுக்கு முந்துனதெல்லாம் எங்க?"

"அது நான் அழிச்சிட்டேன்."

"யாரு, நீங்களா? எல்லாத்தையுமா?"

அப்போதுதான் அவர் சொன்னார். கைநாட்டு, டீச்சர், சிவப்புப் பேனா, ஸ்லேட்டுச் சட்டம் எல்லாவற்றையும் நாலே வாக்கியத்தில், தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். அவள் போன பிறகும் ஒவ்வொரு ஞாயிறும் எழுதி முடித்து அழித்ததையும் சொன்னார்.

"ஐயோ மாமா!" கொழுந்தியாள் எழுந்தேவிட்டாள். "அவ போனதுக்கு அப்புறம் எதுக்கு அழிச்சீங்க? இனி யாரு வந்து பாக்கப்போறா?"

"அழிக்கலன்னா, நான் எழுதலன்னு நெனச்சுக்குவாளே."



மெக்கானிக் கொண்டையிலிருந்து ஸ்க்ரூடிரைவரை உருவி, மறுபடியும் செருகிக்கொண்டாள். "அண்ணே, ஒண்ணு சொல்றேன் கேளுங்க. அழிச்சா உடனே போயிடாது. பேரு மட்டும்தான் போவும், பொருள் உள்ளயே இருக்கும். அந்த எடத்துல வேற ஏதாவது எழுதினாத்தான் நெசமாப் போவும். அண்ணி இருந்தவரைக்கும் தெனம் புதுசாப் பேசிப் பேசி, பழசு மேலயே எழுதியிருப்பாங்க. அது போனது போனதுதான். ஆனா அவங்க போனப்புறம் யாரும் ஒண்ணும் எழுதலையே? அந்த இருபத்தாறும் கெடைக்கலாம்."

தோண்டி எடுக்கும் புரோகிராமுக்கு ஒரு மணி நேரம் பிடித்தது. அந்த ஒரு மணி நேரமும் அவர் நாற்காலியின் நுனியில் இருந்தார். பெயரிழந்த எண்கள் ஒன்றன்பின் ஒன்றாகக் கம்ப்யூட்டரில் வந்து விழுந்தன. நூற்று இருபத்தொன்பது. நூற்று முப்பது. இருபத்து நாலு நல்லபடியாக வந்தன. நூற்று இருபத்தேழும் இருபத்தெட்டும் வந்தன, ஆனால் திறந்தால் கரகரவென்று மண் அள்ளிக் கொட்டுவதுபோல் ஒரு சத்தம்.

"இது ரெண்டும் போச்சுண்ணே. மேல வேற எழுதியாச்சு."

"யாரு எழுதினா? நான் ஒண்ணும் எழுதலையே."

 மெக்கானிக் மெதுவாகச் சுவரைப் பார்த்தாள். "போட்டோவ இதுல போட்டீங்கல்ல. அது போய் அங்க உட்காந்துருக்கு."

அவர் நோட்டை எடுத்தார். அவள் போன பிறகு எழுதிய முதல் பக்கம், நூற்று இருபத்தேழு, அவருடைய கோணல் எழுத்தில் இருந்தது. போர்வை மடிப்பில் இன்று ஒரு பொம்மை கிடைத்தது. எந்தக் குழந்தை தேடுகிறதோ. அதற்கு முந்திய பக்கம்வரை சிவப்பு மை ஓடியிருந்தது. இதில் ஒரு கோடு இல்லை. சரியா தப்பா என்று யாரும் சொல்லாத எழுத்து. அதை விரலால் ஒருமுறை தடவிவிட்டு நோட்டை மடியில் வைத்துக்கொண்டார்.

"மிச்சத்த ஓடவிட்டுப் பாத்துடறேன், சத்தம் நல்லா இருக்கான்னு" என்று மெக்கானிக் ஸ்பீக்கரை முடுக்கினாள். அவர் வேண்டாம் என்பதுபோல் கையைத் தூக்குவதற்குள் குரல் வந்துவிட்டது.

"என்னடா, நேத்துப் பாடம் அப்படியே கெடக்கு? மூட்டையத் தூக்குறவனுக்குப் பென்சில் தூக்க முடியலையா? எடுடா நோட்ட..."

கொழுந்தியாள் குபீரென்று சிரித்தாள். "எங்கக்காவா! மாமாவையா டா போடுறா!" சிரிப்பு பாதியில் உடைந்தது. சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டாள். அவருக்குக் காதுவரை சூடு ஏறியது. ஆனாலும், நிறுத்தச் சொல்லவில்லை.

மெக்கானிக் வரிசையாக ஒவ்வொன்றிலும் ஒரு வாக்கியம் கேட்டுவிட்டுக் கடைசிக்கு வந்தாள். "இது என்னண்ணே? எல்லாம் நாலு நிமிஷம், அஞ்சு நிமிஷம். இந்த நூத்தி அறுவத்து மூணு மட்டும் ஒன்றரை மணி நேரம் காட்டுது. வைரஸு கெடுத்துருச்சுன்னு நெனைக்கிறேன். இத மட்டும் அழிச்சிடட்டுமா?"

கடைசி எண்ணை அவர் ஒருநாளும் உற்றுப் பார்த்ததில்லை. அடுத்தது எதுவோ அதைத்தான் பார்ப்பார். காலையில் இதைப் பதிந்துவிட்டு, அன்று ராத்திரிதான் அவள் சலவைக்கூடத்தில் மயங்கி விழுந்தாள்.

"போடும்மா" என்றார்.

"நூத்தி அறுவத்து மூணு." குரல் களைத்திருந்தது. "இன்னைக்கு டீச்சருக்குத் தலை வலிக்குது. அதனால சுளுவாத்தான் இருக்கும். பென்சில் எடுத்தியாடா? எழுது. மழை..."

அவர் நோட்டைத் திறந்து, பென்சிலைத் தேடி எடுத்து, மழை என்று எழுதினார்.

"மழை... வர்ற மாதிரி..."

ஸ்பீக்கருக்குள் ஒரு நாற்காலி கிறீச்சிட்டது. அப்புறம் பேச்சு இல்லை. தெருவில் ஏதோ ஒரு வண்டி போனது. ஃபேன் தடதடத்தது. அன்று காலையும் அவர் அவசரத்தில் ஐந்திலேயே விட்டுவிட்டுப் போயிருக்கிறார். அதற்கு அடியில், மைக்குக்கு மிகக் கிட்டத்தில், ஒரு மூச்சு இழுத்து இழுத்து நிதானத்துக்கு வந்தது.

"அவ்ளோதான்ணே, வெறும் காத்துதான் ஓடுது" என்றாள் மெக்கானிக். "மிச்சத்த வெட்டிடலாமா?"

அவர் கையை உயர்த்தினார். அது காற்று இல்லை. உட்கார்ந்தபடியே தூங்கிவிட்டாள். மேஜைமேல் கையை மடித்துத் தலையை வைத்திருப்பாள். மூச்சின் முடிவில் சின்னதாக ஒரு விசில், புதுப்பொண்ணாக வந்த நாளிலிருந்து இருப்பது. பதிமூன்று வருஷமாக இவர் கிளம்பிய பிறகுதான் அவள் தூங்கினாள். ஞாயிற்றுக்கிழமைப் பகலில் அவள் கண் அயரும்போதும், சத்தம் போடாமல் இருக்க வேண்டுமே என்று வெளியே போய் உட்கார்ந்துவிடுவார். அந்த விசிலை மறந்தே போயிருந்தார்.

எவ்வளவு நேரம் போனது என்று தெரியவில்லை. மெக்கானிக் ஒயர்களைச் சுருட்டி வைத்துவிட்டு, போகாமல் நின்றாள். கொழுந்தியாள் படத்தைப் பார்க்கவில்லை, ஸ்பீக்கரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். திடீரென்று மூச்சு ஒருமுறை தடுக்கி, தூக்கத்திலேயே குழறிக்கொண்டு குரல் வந்தது.

"என்னங்க... ஃபேனக் கொஞ்சம் குறைங்க."

அவர் எழுந்தார். ஆணியிலிருந்து குறட்டை எடுத்து, தண்டைப் பிடித்து, ஐந்திலிருந்து இரண்டுக்குத் திருகினார். சுற்று தளர்ந்து, தடதடப்பு அடங்கி, இறக்கைகள் ஒவ்வொன்றாகக் கண்ணுக்குத் தெரிய ஆரம்பித்தன. மெக்கானிக்கின் நெற்றியில் வேர்வை அரும்பியது, அவள் துடைக்கவில்லை. அவர் குறட்டை மாட்டிவிட்டு, சத்தம் வராமல் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். மழை என்ற சொல்லுக்குப் பக்கத்தில் பென்சில் முனையை ஊன்றி, அடுத்த சொல்லுக்காகக் காத்திருந்தார்.